தரையக்காவும் ஸ்லிப்பியும்

வலது கால் பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெருவிரலைக் கல்லில் ஊன்றி அரைச் சுற்று சுற்றிப் பார்க்கிறார் தரையக்கா. கண் மூடியிருக்கிறது. விரல் நின்றால் ‘ம்’ என்று அடுத்த கல்லுக்குப் போகிறார். நிற்காமல் விலகினால், பூட்ஸ் போட்ட இடது காலை அகட்டி வைத்து இன்னொரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்ற கவலை இல்லாமல் சொல்கிறார்: “ஸ்லிப்பி.”

பால் ஆலையின் வெண்ணெய் அறை அது. காலை ஐந்தரை மணி. ஆறரைக்கு முதல் ஆட்கள் வந்துவிடுவார்கள்; ஆறு மணிக்குள் அந்த அறையின் கற்களை வரிசை வரிசையாக அவர் விரல் தொட்டு முடித்திருக்க வேண்டும். யாரும் கொடுத்த வேலை இல்லை. அவருக்குக் கொடுத்தது தரை கழுவும் வேலை மட்டும். கழுவிய தரை காலுக்குக் கழுவியதாக இருக்கிறதா என்று பார்ப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அதை விடவும் இல்லை, அதற்காக யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்ததும் இல்லை.

அந்தப் பெருவிரலுக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டும். வெண்ணெய் அறையில் எப்போதும் குளிர். விரல் மரத்துப்போனால் தரை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் கேன்டீனில் டீ வாங்கினால் உடனே குடிக்க மாட்டார். டம்ளரைக் கீழே வைத்து, அதன் பக்கவாட்டில் விரலை ஒட்டவைத்து உட்கார்ந்திருப்பார். விரலுக்கு உயிர் வந்த பிறகுதான் டீ வாய்க்குப் போகும். புதிதாக வந்த ஒருவர் முகம் சுளித்தபோது, “வெளியிலதானே வெக்கிறேன், உள்ளயா விட்டுக் கலக்கினேன்?” என்று கேட்டார். கேன்டீன்காரர் அவருக்கென்றே ஒரு டம்ளரில் சிவப்புக் கோடு போட்டுத் தனியாக வைத்துவிட்டார்.

வெளியிலும் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். பஸ் கிளம்பிவிட்டாலும் ஓட மாட்டார். புதுவீட்டில் பளபளவென்று கல் பதித்திருப்பதைப் பெருமையாகக் காட்டிய ஒரு தோழியிடம், “எடம் நல்லாருக்கு, ஆனா இடுப்புக்கு ஆகாது” என்று சொல்லப்போய், அந்தத் தோழி ஒரு வருஷம் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நான் அதே ஆலையின் அலுவலகத்தில் எழுத்தர். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் எழுதவே கூடாத ஆள் நான்தான். இருந்தும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன நினைத்தாலும் சரி.

தமிழில் வழுக்கல் என்று அருமையான சொல் இருக்க, இந்த ஸ்லிப்பி எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெண்ணெய் கடையும் இயந்திரத்தைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருக்கிறார். ஆறு வாரத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறார். மூன்றும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடங்கள். எழுந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, தரையைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்வாராம். “தண்ணி கெடக்குற எடத்துல வழுக்கினப்ப அவரு ஒண்ணும் சொல்லல சார். காஞ்ச எடத்துலதான் சொன்னாரு. சரி, இதுக்குன்னு அவங்க தனியா ஒரு பேரு வெச்சிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன்” என்றார் தரையக்கா.

அகராதியில் அப்படி எல்லாம் இல்லை. வழுக்குகிற என்று பொருள், பேச்சு வழக்கு என்று பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் தரையக்காவின் வாயில் அந்தச் சொல்லுக்குக் கறாரான எல்லை உண்டு. ஈரமான இடத்தை அவர் ஒருநாளும் ஸ்லிப்பி என்று சொல்ல மாட்டார். பிசுபிசுப்பையும் சொல்ல மாட்டார். வெண்ணெய்ச் சிதறலைப் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கொழுப்பு போவதில்லை, பரவுகிறது. தண்ணீர் காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகக் கல்லின் மேல் நிற்கிறது. அதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். “ஈரம்னா கண்ணு பாத்துடும். பிசுக்குன்னா பூட்ஸு சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துடும். இது ஒண்ணும் காட்டாது. தொடைச்சாப் போகாது. கொதிக்கிற தண்ணியும் சலவை சோடாவும் ஊத்தி வெரட்டணும்.” இப்படி ஒரு விளக்கம் எழுத எந்த அகராதிக்காரருக்கும் வராது.

ஆட்களுக்கும் அந்தச் சொல்லை எடுத்துப் பயன்படுத்துவார், அபூர்வமாக. கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லி எதையும் செய்யாத ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். “ஆளு ஸ்லிப்பி. நம்பிக் கால வெச்சுடாதீங்க” என்று அவரைப் பற்றி என்னிடம் சொன்னார். சிரித்துத் தீர்த்தேன்.

இனி எங்கள் காலை அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் ஆறு மணிக்குத் தரையக்கா என் ஜன்னலுக்கு வந்து, எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்வார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவேன். பாய்லர்காரர் வந்து பார்ப்பார். ஸ்லிப்பி என்று எழுதியிருந்தால் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுவார். பிறகு தாள் வெண்ணெய் அறையின் சரக்கு ஏற்றும் பக்கக் கதவின் வெளிப்புறம் ஒட்டப்படும்; தரையக்காவுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த ஒரு சொல்லில் அந்த அறை ஓடியது.

தாளின் அடியில் தரையக்கா கையெழுத்துப் போட வேண்டும். வேலை நடுவில் வந்தால் அவர் கை சோடாவும் கொழுப்புமாக இருக்கும், பேனா எழுதாது, தாள் ஊறிப்போகும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை, அறைக்குள் போவதற்கு முன், உலர்ந்த கையோடு வந்து அந்த வாரத்தின் ஆறு வெற்றுத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் மேஜை இழுப்பறையில் வைத்திருந்து தினம் ஒன்றாக எடுத்து நிரப்புவேன். அதில் தப்பு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நம்பிக்கைதான். அவருடையது.

சென்ற வருஷம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். படித்தவர், வேகமானவர், கெட்டவர் இல்லை. வந்த வாரமே பழைய அறிக்கைகளைப் புரட்டி, ஸ்லிப்பி என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு எனக்குத் திருப்பி அனுப்பினார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. ஆங்கிலம் எழுதுகிறவன் என்று அலுவலகத்தில் எனக்கு இருந்த ஒரே கௌரவம் அதுதான். மறுநாளே அகராதியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், இது பேச்சு வழக்கு, எழுதத் தகாதது என்று எனக்கும் தெரியும், அந்த அம்மா சொல்வதால் எழுதினேன், இனி எழுத மாட்டேன் என்று குழைந்தேன். அவர் புதுப் படிவம் அச்சடித்தார். அதில் இரண்டே கட்டம். இடது கட்டம் உலர்ந்தது, வலது கட்டம் ஈரம். குறிப்பு எழுத இடம் இல்லை.

முதல் வாரம் தரையக்கா ஸ்லிப்பி என்று சொன்னதற்கெல்லாம் ஈரம் என்று குறி போட்டேன். ஈரம் என்றால் பாய்லர்காரருக்கு வேலை இல்லை, துடைப்பு ஆட்கள் வருவார்கள். வந்து பார்த்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. மூன்று முறை வந்து, மூன்று முறையும் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். காய்ந்த தரையை ஈரம் என்று எழுதி ஏன் ஆட்களை அலைக்கழிக்கிறாய் என்று அதிகாரி கேட்டார். நான் அவரிடம் அந்தச் சொல்லுக்குத் தரையக்கா வைத்திருக்கும் அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. மறுபடியும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு தரையக்கா ஸ்லிப்பி என்று சொன்னால் உலர்ந்தது என்று குறி போட்டேன். உலர்ந்துதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெந்நீர் வரவில்லையே என்று அவர் கேட்டார். புது விதி அக்கா, நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். பாய்லர்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். சீட்டில் இல்லாமல் திறக்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து தரையக்கா கேன்டீன் அடுப்பிலிருந்து வாளியில் வெந்நீர் சுமந்து, மிக மோசமான கற்களை மட்டும் தானே கழுவ ஆரம்பித்தார். இரண்டு கையிலும் வாளியோடு, எட்டி அடி வைக்காமல், என் ஜன்னலைக் கடந்து போவார். பதினோரு நாள் அப்படிப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வாசலை ஒட்டிய ஐந்து வரிசை மிச்சம் இருந்தது. மூன்றாவது நடைக்கு அவர் கேன்டீனில் நின்றபோது, சரக்கு ஏற்றும் பக்கமாக அவருடைய தங்கை கணவர் வந்தார். அவர் பெட்டி அடுக்குகிறவர், எப்போதும் மதிய ஷிப்டு. அன்று வேறொருவருக்காகக் காலையில் வந்தார், அது தரையக்காவுக்குத் தெரியாது. கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் இடது கட்டத்தில் குறி இருந்தால் போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். கீழே மனைவியின் அக்கா கையெழுத்து. வெண்ணெய்ப் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து உள்ளே போனார். கால் இரண்டும் ஒன்றாகப் போயின. வண்டி அவர் மேலே வந்து, வாசலை ஒட்டிய சரக்கு மேடையின் விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் முதுகு மாட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போனபோது தரையக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி கவிழ்ந்து, வெந்நீர் தரையெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. யாரையும் தூக்க விடவில்லை. “யாரும் ஓடி வராதீங்க, தரை சரியில்ல, மெதுவா வாங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

விசாரணை வைத்தார்கள். தரையின் குறையா, ஆளின் குறையா என்பதுதான் கேள்வி. தரையின் குறை என்றால் ஆலையின் மருத்துவமனையில் அவருக்கு எத்தனை காலமானாலும் சிகிச்சை உண்டு. ஆளின் கவனக்குறைவு என்றால் மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தரையக்காவின் தங்கையும் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று அதிகாரிகள். மேஜை மேல் அந்தத் தாள்.

கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார் தரையக்கா. திங்கட்கிழமையே போட்டு வைத்தது என்று மறைக்காமல் சொன்னார். பார்க்காமல் போட்டது உங்கள் குற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். அன்று காலை என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

“வாசல் பக்கம் அஞ்சு வரிசை ஸ்லிப்பின்னு சொன்னேன்” என்றார்.

பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பினார். “அப்படின்னா என்ன அர்த்தம்?”

“வழுக்கும்னு அர்த்தம் சார். பேச்சு வழக்கு.”

“அன்னைக்கு அப்படிச் சொன்னாங்களா?”

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்கு அங்கே இடம் இருந்தது. பின்னே ஏன் உலர்ந்தது என்று குறி போட்டாய் என்பது அதற்கு அடுத்த கேள்வியாக இருக்கும். எனக்கு இரண்டு பெண்கள், படித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். “அவங்க எல்லாத் தரையையும் அப்படித்தான் சார் சொல்வாங்க” என்றேன்.

பொய் என்றும் அதைப் பிடிக்க முடியாது. தரையக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, ஒரு கல்லின் மேல் விரல் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எனக்கு அவர் அந்தப் பெயரை வைத்திருக்கலாம். இன்று வரை வைத்ததில்லை.

வரையறை இல்லாத வழக்கச் சொல், சான்றாக எடுத்துக்கொள்ள இயலாது என்று முடிவில் எழுதினார்கள். விபத்துக்குக் காரணம் பணியாளரின் சொந்தக் கவனக்குறைவு. வெளியே வராந்தாவில் தங்கை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “உன் கையெழுத்த நம்பித்தானேக்கா உள்ள போனாரு.” அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலத் தரையக்கா என் ஜன்னலில் நின்றார். வரிசை சொன்னார், நான் குனிந்துகொண்டே குறி போட்டேன். கையெழுத்தை இப்போது தினமும் போட வேண்டும் என்று உத்தரவு. கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, ஊறிய தாளில் போட்டுவிட்டுப் போனார். நான் எந்தக் கட்டத்தில் குறி போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு வெந்நீர்க் குழாய் எப்போதும் திறந்தே இருந்தது, அறிக்கை வெறும் சடங்காகிவிட்டது. இருந்தும் ஸ்லிப்பி என்று தோன்றினால் ஸ்லிப்பி என்றே சொன்னார். நாளுக்கு நாள் அந்த ஜன்னல் எனக்கு நரகமாயிற்று. அவர் வரும் நேரத்தில் கழிப்பறைக்குப் போய் நின்றிருக்கிறேன். திரும்பி வரும்வரை காத்திருப்பார்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். நான் எழுதப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் அக்கா என்னிடம் வந்து சொல்கிறீர்கள் என்றேன்.

“நான் சொல்லாம விட்டா, நீங்க எழுதலைன்னு யாரும் பேச மாட்டாங்க சார். நான் சொல்லலைன்னுதான் பேசுவாங்க” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெருக்குழாய் எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதினேன். அகராதியைத் தூக்கிக்கொண்டு போனது, படிவம், அந்தப் பன்னிரண்டு குறிகள், விசாரணையில் வாய் மழுப்பியது. மறுநாள் பெரிய அதிகாரியின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, முடிவெழுதிய விஷயத்தைத் திறக்க மேலிடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

அன்று மாலையே நகலோடு தரையக்காவின் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், ரப்பர் விரிப்பு, மருந்து நெடி. ஆலையின் மருத்துவமனை அவரை அனுப்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. படுத்த உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் புண் வைத்துவிடும். வேலை முடிந்ததும் தரையக்கா நேராக அங்கே போய்விடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் நுழைந்தபோது கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்தார். தங்கை வெளிவாசல் படியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே வந்தால் தங்கை வெளியே போய்விடுவாராம். அத்தனை நாளும் அந்தப் பெரிய உடம்பை, விரிப்பைச் சுருட்டி இழுத்து, தரையக்கா ஒருத்தராகவே புரட்டியிருக்கிறார்.

நான் தாளை எடுத்தேன். யாருக்கும் படிக்க வராது, நீங்களே படியுங்கள் என்றார் தங்கை, திரும்பாமல். படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோனேன்.

கட்டிலில் இருந்தவர்தான் முதலில் பேசினார். “அக்கா அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. உங்க வாயால.”

“வாசல் பக்கம் அஞ்சு வரிசை ஸ்லிப்பின்னு சொன்னாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை எழுந்து உள்ளே வந்து என் முன்னால் நின்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நல்லது. “அஞ்சு மாசம்” என்று மட்டும் சொன்னார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. முந்தானையால் அதை மூடிக்கொண்டார்.

தரையக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விரிப்பைச் சரிசெய்தார். புரட்டும் நேரம். தங்கை அன்று வெளியே போகவில்லை. கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், கணவரின் தோள்களுக்கு அடியில் கையைக் கொடுத்தார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தரையக்கா இடுப்பைப் பிடித்தார். எனக்கு அங்கே வேலை இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, வருகிறேன் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

“சார், கால்மாட்டுக்கு வாங்க” என்றார் தரையக்கா.

போனேன். போர்வையை விலக்கினேன். சூம்பிப்போன, சில்லென்ற இரண்டு கால்கள். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் குதிகால்களைப் பற்றினேன். தரையக்கா இடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்து, “அங்க புண்ணு இருக்கு” என்று என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கெண்டைச்சதைக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, பிடி சரியாக இருக்கிறதா என்று மேலே ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.